மின்கிட்டாரின் தொனி: ஈக்வலைசர், எஃபெக்ட் பெடல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்பிலேயே (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி) பேஸ் (கீழ்), மிடில் (நடு), ட்ரெபிள் (மேல்) குமிழ்கள் இருக்கும்போது தனியாக ஈக்வலைசர் (அதிர்வெண் பட்டைகளை ஏற்றி இறக்கும் கருவி) எதற்கு?

அந்த மூன்று குமிழ்களும் தனித்தனியாக இயங்குபவை அல்ல. பெரும்பாலான வால்வு ஆம்புகளில் அவை ஒரே மின்சுற்றில் பின்னிக் கிடக்கின்றன. ட்ரெபிளைத் திருப்பினால் மிடிலின் வேலையும் சற்று மாறிவிடும். ஃபெண்டர் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் பேஸ்மேன் ஆம்பில் வைத்த சுற்றை, லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1962-இல் உருவான ஜே.டி.எம்.45 ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டது. இன்று கடைகளில் பார்க்கும் பல ஆம்புகளின் தொனிச் சுற்று அந்த வழியில் வந்ததுதான். இந்தச் சுற்றுக்குக் குறைக்க மட்டுமே தெரியும், கூட்டத் தெரியாது. மூன்றையும் நடுவில், அதாவது 5-இல் வைத்தால் எல்லா அதிர்வெண்களும் சமமாக வரும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அந்த நிலையில் நடு அதிர்வெண்கள் பள்ளமாகத்தான் இருக்கும். சமநிலைக்கு அருகில் வர வேண்டுமானால் பேஸையும் ட்ரெபிளையும் அடிவரை இறக்கிவிட்டு மிடிலை முழுதாக ஏற்ற வேண்டும். மூன்றையும் பூஜ்ஜியத்தில் வைத்தால் ஒலி அநேகமாக அடங்கியே போய்விடும்.

தனி ஈக்வலைசர் பெடலில் (காலால் அழுத்தி இயக்கும் சிறு பெட்டி) ஒவ்வொரு பட்டையையும் மற்றதைக் கலைக்காமல் கூட்டலாம், குறைக்கலாம். பலரிடம் இருக்கும் பாஸ் ஜி.இ.-7 பெடலை எடுத்துக்கொண்டால், 100 ஹெர்ட்ஸில் தொடங்கி 200, 400, 800 என இரட்டித்துக்கொண்டே 6.4 கிலோஹெர்ட்ஸ் வரை ஏழு பட்டைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் 15 டெசிபெல் வரை ஏற்றவோ இறக்கவோ முடியும். கடைசியில் மொத்த ஒலியளவுக்கு ஒரு ஸ்லைடர் இருக்கும். ஆனால் இவை எல்லாவற்றையும்விட முக்கியமான வசதி, இதை இணைப்பு வரிசையில் விரும்பிய இடத்தில் வைக்கலாம் என்பதே. எவ்வளவு கூட்டினோம் என்பதைவிட எந்த இடத்தில் கூட்டினோம் என்பதுதான் கிட்டாரின் தொனியை அதிகமாக மாற்றுகிறது.

கிட்டாரின் ஒலி எந்த அதிர்வெண்களில் இருக்கிறது?

வழக்கமான சுருதியில் ஆறாவது தந்தியைத் திறந்து மீட்டினால் 82 ஹெர்ட்ஸ். முதல் தந்தியின் 22-ஆவது ஃபிரெட்டில் ஏறத்தாழ 1,175 ஹெர்ட்ஸ். அடிப்படைச் சுரங்கள் எல்லாம் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் கேட்பவை மேற்சுரங்களும் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் உயர் அதிர்வெண்கள்), மீட்டும் வில்லையான பிக் தந்தியில் படும் ஓசையும், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கூடுதல் மேற்சுரங்களும் ஆகும். கிட்டார் ஆம்புகளில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடுவதால், ஆம்ப் வழியாக வாசிக்கும்போது ஒலியின் மேல்முனையை அதுவே பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. 16 கிலோஹெர்ட்ஸ் பட்டை உள்ள பெடலை வாங்கி, அதை ஏற்றினால் ஒன்றும் மாறவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி தனியாக வாசிக்கும்போது நெஞ்சில் இடிக்கும் கனத்தைத் தருகிறது. குழுவில் அந்த இடம் பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் உரியது. 200 முதல் 400 வரை உள்ள பகுதி கூடினால் ஒலி கலங்கலாகவும், மிகக் குறைந்தால் சோகையாகவும் இருக்கும். 500 முதல் 1,000 வரை கிட்டாரின் உடற்பகுதி எனலாம். கார்டு எது, சுரம் எது என்பதைக் காது இங்கிருந்துதான் பிரித்தறிகிறது. 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி கூர்மையைத் தருகிறது. மனிதக் காது மிகவும் நுட்பமாக இயங்கும் பகுதியும் அதுவே என்பதால், அங்கே இரண்டு டெசிபெல் கூடினாலும் கேட்பவர் முகம் சுளிக்க வாய்ப்புண்டு. டிஸ்டார்ஷனில் வரும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் குடியிருக்கிறது.

கூட்டுவது நல்லதா, குறைப்பது நல்லதா?

குறைப்பதிலிருந்து தொடங்குவது நல்லது. ஒலி மங்கலாக இருக்கிறது என்று தோன்றினால் கை தானாக ட்ரெபிளை நோக்கிப் போகும். ஆனால் பெரும்பாலும் குறை 250 ஹெர்ட்ஸ் பகுதியின் மிகுதியில் இருக்கும். அதை மூன்று, நான்கு டெசிபெல் இறக்கினால், தொடாமலேயே மேல்பகுதி தெளிந்து கேட்கும். கூட்டுவதற்கு இன்னொரு விலையும் உண்டு: 6 டெசிபெல் ஏற்றினால் அந்தப் பட்டையின் மின்னழுத்தம் இரு மடங்காகிறது, அடுத்து வரும் பெடலோ ஆம்போ அதைத் தாங்காமல் நாம் கேட்காத டிஸ்டார்ஷனைச் சேர்த்துவிடலாம்.

இன்னொரு மயக்கத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். சற்று உரக்க ஒலிப்பது எதுவும் காதுக்கு உடனே மேலானதாகத் தோன்றும். எனவே ஈக்வலைசரை அழுத்தியும் விடுவித்தும் ஒப்பிடும் முன், மொத்த ஒலியளவு ஸ்லைடரை இறக்கி இரண்டு நிலைகளிலும் ஒலி ஒரே அளவில் இருக்கும்படி செய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் எடுத்த தீர்ப்புகள் பெரும்பாலும் மறுநாள் நிலைப்பதில்லை.

ஈக்வலைசரை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா?

இந்தப் பக்கத்திலேயே விரிவான விடை தேவைப்படும் கேள்வி இது; ஏனென்றால் இரண்டு இடங்களிலும் அது செய்யும் வேலை முற்றிலும் வேறு.

டிஸ்டார்ஷன் என்பது அலையின் உச்சியையும் அடியையும் வெட்டித் தட்டையாக்குவது. வெட்டப்பட்ட அலையிலிருந்து புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. கூடவே, உரத்த பகுதிகள் நசுக்கப்படுவதால் ஒலியளவு ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்றுவிடுகிறது. ஆகவே டிஸ்டார்ஷனுக்கு முன்னால் 800 ஹெர்ட்ஸை 6 டெசிபெல் கூட்டினால், வெளியே வரும் ஒலியில் அந்த 6 டெசிபெல் அப்படியே இருக்காது. அதற்குப் பதிலாக, வெட்டும் வேலை அந்தப் பட்டையைச் சுற்றி நடக்கும். ஒலியின் தன்மையே மாறும். பின்னால் வைத்தால், ஏற்கெனவே உருவாகிவிட்ட ஒலியின் விகிதங்கள் மட்டும் மாறும். அங்கே கூட்டிய டெசிபெல் முழுதாகக் காதுக்கு வந்து சேரும்.

குறிப்பாகப் பேஸ் பகுதியில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஐந்தாவது தந்தியின் திறந்த ஏ சுரம் 110 ஹெர்ட்ஸ். இரண்டு சுரங்கள் மட்டுமே கொண்ட பவர் கார்டில் அதனோடு சேரும் ஈ சுரம் ஏறத்தாழ 165. இரண்டு சுரங்கள் ஒன்றாக டிஸ்டார்ஷனுக்குள் நுழையும்போது அவற்றின் வித்தியாசமும் ஒரு புதிய ஒலியாக வெளியே வரும். இங்கே வித்தியாசம் 55 ஹெர்ட்ஸ். அது ஏ சுரத்தின் கீழ் ஸ்தாயியே என்பதால் கார்டு இன்னும் பருத்துக் கேட்கிறது. அதே ஏ-யோடு சி-ஷார்ப்பைச் சேர்த்தால், 138.6-இலிருந்து 110-ஐக் கழிக்க, ஏறத்தாழ 28.6 ஹெர்ட்ஸ் மிஞ்சுகிறது. அது ஏ சுரத்தின் எந்த ஸ்தாயியோடும் சரியாகப் பொருந்தாததால் கீழே ஒரு கரகரப்பாகத் தங்கிவிடுகிறது. பவர் கார்டு டிஸ்டார்ஷனில் சுத்தமாகவும், மேஜர் கார்டு அதே அமைப்பில் குழம்பியும் ஒலிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் 100, 200 ஹெர்ட்ஸ் பட்டைகளைக் குறைத்தால் இந்தக் குழப்பம் உருவாகும் முன்பே தணிந்துவிடும். உருவான பிறகு பின்னால் எவ்வளவு வெட்டினாலும் அது முழுதாகப் போகாது.

1970களின் இறுதியில் ஐபனீஸ் வெளியிட்ட டியூப் ஸ்கிரீமர் என்ற ஓவர்டிரைவ் (மென்மையான டிஸ்டார்ஷன்) பெடல் இத்தனை ஆண்டுகளாக நிலைத்திருப்பதன் ரகசியமும் இதுவே. அதன் சுற்றில் ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக வெட்டும் பகுதிக்குச் செல்லும் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். மெட்டல் வாசிப்பவர்கள் பலர் இதன் டிரைவ் குமிழை (கரகரப்பின் அளவு) ஏறக்குறைய பூஜ்ஜியத்திலும் லெவலை (வெளியேறும் ஒலியளவு) உச்சத்திலும் வைத்து, ஏற்கெனவே டிஸ்டார்ஷன் நிறைந்த ஆம்பின் முன்னால் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் அதை ஓவர்டிரைவாக அல்ல, பேஸைக் கத்தரித்து மிட்டை (நடுப்பகுதியை) முன்தள்ளும் ஈக்வலைசராகவே வாங்கியிருக்கிறார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

சோலோவுக்கு ஒலி ஏற வேண்டும் என்பவருக்கு இதற்கு நேர்மாறான இடம் தேவை. டிஸ்டார்ஷனுக்கு முன்னால் ஏற்றினால் சத்தம் கூடாது, கரகரப்பும் நீட்சியும்தான் கூடும். டிஸ்டார்ஷன் ஆம்பின் முன்நிலைப் பகுதியில் உருவாகிறது என்றால், ஈக்வலைசரை ஆம்பின் பின்புறம் உள்ள எஃபெக்ட்ஸ் லூப்பில் (முன்நிலைப் பகுதிக்குப் பிறகு பெடல்களைச் சேர்க்கும் துளைகள்) இணைத்து, 800 ஹெர்ட்ஸை நான்கு டெசிபெலும் மொத்த அளவை மூன்று டெசிபெலும் ஏற்றிப் பாருங்கள். அழுத்தியவுடன் கிட்டார் ஓர் அடி முன்னால் வந்து நிற்கும்.

வீட்டில் அருமையாக இருந்த தொனி மேடையில் ஏன் காணாமல் போகிறது?

பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட அளவீடுகள் இதற்கான விடையில் பாதியைத் தந்துவிடுகின்றன. குறைந்த ஒலியளவில் மனிதக் காதுக்குக் கீழ்ப்பகுதியும் உச்சிப்பகுதியும் நடுப்பகுதியைவிட மந்தமாகக் கேட்கும். ஒலி ஏற ஏற அந்த வேறுபாடு குறையும். வீட்டார் தூக்கத்தைக் கெடுக்காமல் மெதுவாக வாசிப்பவர், கேட்காத பேஸையும் ட்ரெபிளையும் ஈடுகட்ட அவற்றை ஏற்றி, மிட்டை இறக்கி வைத்துவிடுகிறார். ஸ்லைடர்கள் சிரித்த வாய் போல் வளைந்து நிற்கும். அதே அமைப்பை மேடையின் ஒலியளவுக்கு ஏற்றினால் பேஸ் அதிரும், ட்ரெபிள் குத்தும்.

மீதிப் பாதி, உடன் வாசிப்பவர்களைப் பொறுத்தது. ஏற்றி வைத்த பேஸைப் பேஸ் கிட்டார் மூடிவிடும், ஏற்றி வைத்த ட்ரெபிளைச் சிம்பல்கள் மூடிவிடும், கிட்டாருக்கு என்று எஞ்சியிருந்த மிட்டை வாசிப்பவரே வெட்டியிருப்பார். ஆகவே தனியாகக் கேட்கும்போது சற்று மூக்கடைத்தது போலவும் மெலிந்தும் தோன்றும் தொனியே குழுவில் தெளிவாக நிற்கிறது. ஒத்திகை ஒலியளவில், மற்றவர்கள் வாசிக்கும்போது மட்டுமே ஈக்வலைசரைத் தொடுவது என்ற கட்டுப்பாடு பல சிக்கல்களைத் தவிர்க்கும். நடுப்பகுதியில் பெரிய பள்ளம் உள்ள பிக் மஃப் வகை ஃபஸ் (மிகக் கடுமையான டிஸ்டார்ஷன்) பெடலை விரும்புபவர்கள், அதன் பின்னால் 800 ஹெர்ட்ஸையும் 1.6 கிலோஹெர்ட்ஸையும் ஏற்றினால் அந்தப் பெடலை மேடையிலும் பயன்படுத்த முடியும்.

பெடல்களை எந்த வரிசையில் இணைக்க வேண்டும்?

வழக்கமான வரிசை இது: வா-வா, கம்ப்ரசர் (ஒலியளவின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது), ஓவர்டிரைவ் அல்லது டிஸ்டார்ஷன், பிறகு ஃபேசர், கோரஸ் போன்றவை, கடைசியில் டிலே (எதிரொலி), ரிவெர்ப் (அறையின் முழக்கம்). எதிரொலியை டிஸ்டார்ஷனுக்குள் அனுப்பினால் ஒவ்வொரு எதிரொலியும் மூலச் சுரத்தோடு சேர்ந்து நசுங்கும் என்பதே டிலே பின்னால் போவதற்கான காரணம். ஆம்பின் டிஸ்டார்ஷனையே பயன்படுத்துபவர்கள் டிலேயையும் ரிவெர்ப்பையும் எஃபெக்ட்ஸ் லூப்பில் இணைப்பதும் இதனால்தான்.

இது சட்டமல்ல. எஃபெக்ட்ஸ் லூப் பரவலாவதற்கு முன், டேப் எக்கோவை நேராக ஆம்பின் முன்னால் இணைத்துப் பதிவுசெய்யப்பட்ட இசை ஏராளம். அந்தக் கலங்கிய எதிரொலியையே சிலர் இன்று தேடி அலைகிறார்கள். ஃபஸ் ஃபேஸ் போன்ற பழைய வகை ஃபஸ் பெடல்களுக்கு மட்டும் ஒரு கண்டிப்பு உண்டு: அவை கிட்டாரின் பிக்கப்போடு (தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் காந்தச் சுருள்) நேரடியாக இணைந்திருக்க விரும்புகின்றன. இடையில் பஃபர் (மின்னலையை வலுவாக்கி அனுப்பும் சுற்று) உள்ள பெடல் வந்தால் ஒலி முரடாகும். கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் ஃபஸ் தெளிந்து இனிமையாகும் அந்த அழகான குணமும் போய்விடும்.

வா-வா, ஃபேசர், கோரஸ் ஆகியவற்றுக்கும் ஈக்வலைசருக்கும் தொடர்பு உண்டா?

நெருங்கிய தொடர்பு உண்டு. 1967-இல் விற்பனைக்கு வந்த வா-வா பெடல், ஒரு குறுகிய மேட்டைக் காலால் மேலும் கீழும் நகர்த்தும் ஈக்வலைசரே. பெடலை அசைக்காமல் பாதி வழியில் நிறுத்தி வைத்தால், வேறெந்தப் பெடலாலும் எளிதில் கிடைக்காத கூர்மையான மிட் தொனி கிடைக்கும். ஃபேசர் இதற்கு மாறாகப் பள்ளங்களை நகர்த்துகிறது. 1974-இல் வந்த எம்.எக்ஸ்.ஆர். ஃபேஸ் 90-இல் நான்கு படிநிலைகள் சேர்ந்து இரண்டு பள்ளங்களை உண்டாக்குகின்றன. டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வைத்தால் மேற்சுரங்கள் மிகுந்திருப்பதால் பள்ளங்கள் நகர்வது துல்லியமாகத் தெரியும். முன்னால் வைத்தால் மென்மையாக இருக்கும். எனக்கு முன்னால் வைப்பதே பிடிக்கும், ஆனால் இது முழுக்க ரசனையைச் சேர்ந்தது. கோரஸ், ஒலியின் பிரதியைச் சில மில்லிவினாடிகள் தாமதித்து, சுருதியைச் சற்றே அசைத்துக் கலப்பது. அதனால் பேஸ் பகுதி தளர்ந்துபோவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். அதன் பின்னால் ஈக்வலைசர் வைத்து 200 ஹெர்ட்ஸைச் சிறிது குறைத்தால் போதும்.

டிலேயும் ரிவெர்ப்பும் சேர்த்தவுடன் வாசிப்பு தெளிவை இழக்கிறது. என்ன செய்வது?

எதிரொலியின் கலவை அளவைக் குறைப்பதற்கு முன், அதன் தொனியைக் கவனியுங்கள். 1974-இல் வந்த ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ போன்ற டேப் கருவிகளில் ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதைவிடச் சற்று இருண்டு ஒலிக்கும். அந்தக் குறைபாடே, எதிரொலி மூலச் சுரத்தோடு மோதாமல் பின்னால் ஒதுங்க உதவியது. டிஜிட்டல் டிலே எதையும் இழக்காமல் திருப்பித் தருவதால் மோதுகிறது. பெடலில் ஃபில்டர் வசதி இருந்தால், எதிரொலியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் உள்ளவற்றைக் குறைத்துவிடுங்கள்.

நேரத்தைத் தாளத்தோடு பொருத்துவதும் தெளிவைக் கூட்டும். 60,000-ஐப் பாடலின் வேகத்தால் வகுத்தால் ஒரு தட்டுக்கு உரிய மில்லிவினாடிகள் கிடைக்கும். நிமிடத்துக்கு 120 தட்டுகள் என்றால் 500. அதில் முக்கால் பங்கான 375-ஐ வைத்து நேர்த்தட்டாக வாசித்தால், எதிரொலிகள் உங்கள் சுரங்களின் இடைவெளிகளில் விழும்.

ஹம் ஓசையை (மின்சாரத்தால் வரும் தொடர் ரீங்காரம்) ஈக்வலைசரால் நீக்க முடியுமா?

முடியாது. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆனால் காதில் விழும் ஹம் பெரும்பாலும் அதன் மடங்குகளான 100, 150 போன்றவை. அவை கிட்டாரின் கீழ்த் தந்திகள் ஒலிக்கும் அதே இடம் என்பதால், ஹம்மை வெட்டினால் சுரமும் சேர்ந்து போகும். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் ஹம்மைத் தீர்க்கத்தான் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் ஹம்பக்கரை வடிவமைத்தார். பெடல்களுக்குத் தனித்தனி வெளியீடுகள் உள்ள நல்ல பவர் சப்ளை, ஆம்பிலிருந்து சற்றுத் தள்ளி நிற்பது, தேவைப்பட்டால் நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது ஒலியை அடைக்கும் பெடல்) என்ற வழிகளில் செல்லுங்கள். ஹம் குறைகிறதே என்று ஆம்ப் பிளக்கின் எர்த் முனையை ஒருபோதும் கழற்ற வேண்டாம். 230 வோல்ட்டில் அது உயிருக்கு ஆபத்து.

கேபிளின் நீளம் தொனியை மாற்றுமா?

மாற்றும். சாதாரண கிட்டார் கேபிளில் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் இருக்கும். பேட்டரி இல்லாத பிக்கப்போடு அது சேரும்போது, நீளம் கூடக் கூட மேல்பகுதி மழுங்கும். வரிசையின் தொடக்கத்தில் ஒரு பஃபர் வைத்தால், அதற்குப் பின்னால் வரும் கேபிளால் இழப்பு ஏற்படாது.

பிரபலக் கலைஞர் ஒருவரின் அமைப்பை அப்படியே வைத்தும் அந்த ஒலி வரவில்லையே?

குமிழ்களின் எண்கள் ஒரு தொடரின் நடுவில் மட்டுமே பொருள்படுபவை. குயீன் இசைக்குழுவின் பிரையன் மேயை எடுத்துக்கொள்ளுங்கள்: தந்தையோடு சேர்ந்து வீட்டில் செய்த கிட்டார், பிக்குக்குப் பதில் ஆறு பென்ஸ் நாணயம், பேஸை ஒதுக்கி மேல்பகுதியைத் தள்ளும் ட்ரெபிள் பூஸ்டர், அதன் பின்னால் உச்சத்தில் ஒலிக்கும் வாக்ஸ் ஏ.சி.30 ஆம்ப். இதில் ஒரு கண்ணியை மாற்றினாலும் மற்றவற்றின் எண்கள் பொருந்தாது. எண்களை நகலெடுப்பதைவிட, பேஸை டிஸ்டார்ஷனுக்கு முன்பே ஒதுக்கியிருக்கிறார் என்ற முடிவை நகலெடுப்பது பயன்தரும்.

ஆம்ப் இல்லாமல் கணினியில் நேராக வாசித்தால் டிஸ்டார்ஷன் கொசு ரீங்காரம் போலக் கேட்கிறது. ஏன்?

மேலே சொன்ன கிட்டார் ஸ்பீக்கரின் சரிவு அங்கே இல்லை. டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் கேபினெட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் மென்பொருள்) ஒன்றைச் சேருங்கள். அதற்குப் பிறகும் காதைக் கூசினால் 6 அல்லது 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும் வெட்டுங்கள். எந்த ஆம்ப் மாடலைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைவிட எந்தக் கேபினெட் கோப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதே தொனியை அதிகம் மாற்றும் என்பதால், நேரத்தை அதில் செலவிடுங்கள்.

குழுவில் இரண்டு கிட்டார்கள் இருந்தால் எப்படிப் பங்கிடுவது?

இருவரும் ஒரே வகை ஆம்பும் ஒரே அளவு டிஸ்டார்ஷனும் வைத்திருந்தால், ஒருவர் வாசிப்பதை நிறுத்தினாலும் கேட்பவருக்குத் தெரியாது. ஒருவர் 600 முதல் 800 ஹெர்ட்ஸை முன்வைத்து 2 கிலோஹெர்ட்ஸைச் சற்று இறக்கட்டும். மற்றவர் இதைத் தலைகீழாகச் செய்யட்டும். இரண்டு, மூன்று டெசிபெல் வித்தியாசமே போதுமானது. கார்டு வாசிப்பவர் டிஸ்டார்ஷனைக் கால்பங்கு குறைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நசுங்காத ஒலியில் பிக் விழும் ஓசை தெளிவாக இருப்பதால், டிரம்மோடு சேர்ந்து தாளம் இறுகும். இவ்வளவு செய்தும் மோதினால், ஈக்வலைசரை விட்டுவிட்டு, இருவரில் ஒருவர் அதே கார்டை ஃபிரெட்போர்டில் வேறு இடத்தில் பிடித்து வாசிக்கலாம்.